கணக்குக் கேட்ட மனிதர்

செல்வம் தன்னிலேயே தீயதன்று. மறைநூலிலே ஆபிரகாமும் யோபுவும் பெருஞ்செல்வர்களாகவே காட்டப்படுகின்றனர். ஆண்டவரின் திருவுடலைத் தம் சொந்தக் கல்லறையிலே அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பும் செல்வரே. ஆனால் செல்வரிடம் ஆண்டவர் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. அதுதான் கணக்கு. லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்திலே வருகின்ற வீட்டுப் பொறுப்பாளனைப் பற்றித் தலைவனிடம் குற்றச்சாட்டு வந்தபோது, தலைவன் அவனை உடனே சிறையில் அடைக்கவுமில்லை, 'இவன் நம்மவன், இவன்மீது பழி கூறாதீர்கள்' என்று ஊர் வாயை அடைக்கவுமில்லை. அவனை அழைத்துக் கணக்கை ஒப்படைக்கும்படிக் கேட்டான்.

பெரிய தொழிலதிபர் ஒருவர்மீது ஊழல் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் நாம் இந்த உவமையை நினைத்துக்கொள்வது நலம். ஏனெனில் அத்தகைய வேளைகளிலே மக்கள் இரு கட்சிகளாகப் பிரிகின்றனர். ஒரு கட்சி விசாரணைக்கு முன்பே தீர்ப்புக் கூறிவிடுகிறது. மற்றக் கட்சியோ, 'அவர் எவ்வளவு தர்மம் செய்தவர்! அவர்மீதா பழி!' என்று விசாரணையையே வெறுக்கிறது. கணக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுகிறவர் மட்டும் இரு கட்சிக்கும் வேண்டாதவராகிவிடுகிறார். அவ்வாறு வேண்டாதவராகி, அதற்காக உயிரையும் கொடுத்த ஒருவரைப் பற்றி இம்மாதம் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இத்தாலி நாட்டு மிலான் நகரிலே நிகழ்ந்த இவ்வரலாறு நம் திருச்சபையையும் தொட்ட ஒன்றாதலால், இதை நாம் அறிந்திருப்பது கடமையுமாகும்.

சிசிலியிலிருந்து வந்த செல்வர்

மிக்கேல் சிண்டோனா 1920-ஆம் ஆண்டு சிசிலித் தீவிலுள்ள பாத்தி என்னும் சிற்றூரிலே பிறந்தார். மெசினாப் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மிலான் நகருக்குச் சென்று, வரிச் சட்டத்திலே வல்லுநராகப் பெயர் பெற்றார். எந்தச் சொத்தை எந்த நாட்டிலே, எவர் பெயரிலே வைத்தால் வரி குறையும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. அந்த அறிவைக் கொண்டு முதலில் பிறருக்கு வழி காட்டினார். பின்னர் தமக்கே நிறுவனங்களையும் வங்கிகளையும் வாங்கத் தொடங்கினார். 1972-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் இருபது பெரிய வங்கிகளுள் ஒன்றான ஃபிராங்க்ளின் நேஷனல் வங்கியின் கட்டுப்பாடும் அவர் கைக்கு வந்தது. இத்தாலிய அரசியல்வாதியும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைவருமான ஜூலியோ ஆந்திரயோத்தி, சிண்டோனாவை இத்தாலிய நாணயமாகிய லீராவைக் காத்தவர் என்று போற்றினார்.

வத்திக்கானுக்கும் இவருக்கும் தொடர்பு ஏற்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. இத்தாலியிலே வத்திக்கானின் முதலீடுகளிலிருந்து கிடைத்த பங்காதாயத்துக்கு இருந்துவந்த வரிவிலக்கு 1968-ஆம் ஆண்டிலே முடிவுற்றது. அதற்குப் பின், திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்திலே, இத்தாலிய நிறுவனங்களிலிருந்த தன் பங்குகளை விற்றுவிட வத்திக்கான் முடிவு செய்தது. அவற்றுள் முதன்மையானது கட்டட, நிலத் தொழிலில் ஈடுபட்டிருந்த இம்மொபிலியாரே என்னும் பெருநிறுவனம். 1969-இல் அதன் பங்குகளை வாங்கிக்கொண்டவர் சிண்டோனா. சமயப் பணிகளுக்கான நிதியைப் பேணுவதற்கென்று 1942-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் நிறுவியதும், மக்கள் 'வத்திக்கான் வங்கி' என்று அழைப்பதுமான நிறுவனமும் அவருடைய வங்கியொன்றிலே பங்கு வைத்திருந்தது.

அவர் கத்தோலிக்கர். பொதுவுடைமைக் கட்சியை வெளிப்படையாக எதிர்த்தவர். பெரியோர் பலரின் நட்பைப் பெற்றவர். இம்மூன்றும் சேர்ந்தபோது, அவரிடம் கணக்குக் கேட்பது அநாவசியம் என்று பலருக்குத் தோன்றிவிட்டது. கேடு புகுந்த வாயில் இதுவே.

ஏட்டிலே ஒன்று, உண்மையிலே ஒன்று

சிண்டோனா செய்த மோசடியின் முறையை ஒருவாறு எளிமையாக விளக்குவோம். மக்கள் அவருடைய இத்தாலிய வங்கிகளிலே பணம் போட்டனர். அவ்வங்கிகள் அப்பணத்தை வெளிநாட்டு வங்கியொன்றிலே வைப்புத் தொகையாக இட்டதாக ஏட்டிலே எழுதின. எழுதியது பொய்யன்று; பணம் உண்மையாகவே அங்குச் சென்றது. ஆனால் அத்துடன் இரகசிய ஒப்பந்தம் ஒன்றும் சென்றது. அந்தப் பணத்தைச் சிண்டோனாவின் சொந்த நிறுவனங்களுக்கே கடனாகக் கொடுக்க வேண்டும் என்பதும், கடன் திரும்பாவிட்டால் வெளிநாட்டு வங்கிக்கு எப்பொறுப்பும் இல்லை என்பதும் அந்த ஒப்பந்தத்தின் சாரம். ஏட்டைப் பார்ப்பவருக்குப் பணம் நல்ல வங்கியொன்றிலே பத்திரமாக இருப்பதாகத் தெரியும். உண்மையிலோ அது லீக்டன்ஸ்டைன் போன்ற சிறு நாடுகளிலே பதிவாகியிருந்த அவருடைய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மக்கள் பணத்தைக் கொண்டே அவர் புதிய நிறுவனங்களை வாங்கினார். பங்குச் சந்தையிலும் நாணயச் சந்தையிலும் சூதாடினார்.

1974-ஆம் ஆண்டிலே சந்தை சரிந்தது. சரிவை மறைக்க முடியவில்லை. செப்டம்பர் மாத இறுதியில் அவருடைய பாங்கா பிரிவாட்டா இத்தாலியானா என்னும் வங்கி கட்டாயமாகக் கலைக்கப்பட்டது. அக்டோபர் 8-ஆம் நாள் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் வங்கியும் வீழ்ந்தது. அமெரிக்க வரலாற்றிலே அதுவரை நிகழ்ந்த வங்கி வீழ்ச்சிகளுள் அதுவே மிகப் பெரியது. சிண்டோனா இத்தாலியை விட்டகன்று, நியூயார்க் நகரிலே வாழலானார்.

சம்பளத்துக்குமேல் ஒன்றும் பெறாதவர்

கலைக்கப்பட்ட வங்கியின் கணக்குகளை ஆராய்ந்து, உண்மையான கடன் எது, பொய்யான கடன் எது என்று பிரித்தறிய, இத்தாலியின் மத்திய வங்கி ஒருவரை நியமித்தது. அவர் பெயர் ஜோர்ஜோ அம்புரோசோலி. மிலான் நகரிலேயே பிறந்த வழக்கறிஞர். அப்போது அவருக்கு வயது 40. மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தனர். அரசியல் செல்வாக்கோ, பெரியோர் நட்போ அவருக்கு இல்லை. திறமையும் பொறுமையும் இருந்தன.

அவர் ஏடுகளைப் புரட்டத் தொடங்கிய சில மாதங்களிலேயே வேலையின் ஆபத்து விளங்கிவிட்டது. 1975 பிப்ரவரியிலே தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். இந்தப் பொறுப்புக்குத் தாம் பெரிய விலை கொடுக்க நேரிடும் என்றும், அதை அறிந்தே ஏற்றுக்கொண்டதால் வருந்தவில்லை என்றும், நாட்டுக்கு ஏதேனும் செய்யக் கிடைத்த வாய்ப்பாகவே இதைக் கருதுவதாகவும், என்ன நேர்ந்தாலும் பிள்ளைகளைத் தாங்கள் இருவரும் நம்பிய நெறிகளிலேயே வளர்க்க வேண்டும் என்றும் அதில் கூறியிருந்தார். அக்கடிதத்தை எழுதியபின் அவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஒவ்வொரு நாளும் அந்த அலுவலகத்துக்குச் சென்று அதே ஏடுகளை விரித்து உட்கார்ந்தார். ஒரு கணத்திலே வீரம் காட்டுவதைவிட இது அரிது என்பது நம் எண்ணம்.

நியூயார்க்கிலிருந்த சிண்டோனாவோ சும்மாயிருக்கவில்லை. இத்தாலி அரசு அவரைத் திருப்பி அனுப்புமாறு அமெரிக்காவிடம் கோரியபோது, தாம் பொதுவுடைமைவாதிகளால் துன்புறுத்தப்படுவதாக முறையிட்டார். அவர் பொருட்டு இத்தாலியப் பிரமுகர் சிலர் 1976-இல் உறுதிமொழிப் பத்திரங்களிலே கையெழுத்திட்டுக் கொடுத்தனர். மற்றொரு பக்கம், வங்கியின் பெரும் ஓட்டையை மத்திய வங்கியின் பணத்தைக் கொண்டு அடைத்துவிட்டு, வங்கியைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு திட்டம் தீட்டப்பட்டது. அதாவது, ஒரு மனிதர் எடுத்ததை நாட்டு மக்கள் அனைவரும் கட்ட வேண்டும். உயர்ந்த இடங்களிலிருந்தும் இத்திட்டத்துக்குப் பரிந்துரை வந்தது. ஆனால் அம்புரோசோலி அதற்கு இசையாமல் அது நிறைவேறுவது அரிது. அவர் இசையவில்லை.

மத்திய வங்கியின் ஆளுநர் பவுலோ பாஃபியும், அவர் கீழ்ப் பணியாற்றிய மாரியோ சார்சினெல்லியும் அத்திட்டத்தை எதிர்த்தனர். 1979 மார்ச் மாதத்திலே இவ்விருவர்மீதும் வேறொரு காரணம் காட்டிக் குற்றம் சுமத்தப்பட்டது. சார்சினெல்லி சிறை வைக்கப்பட்டார். 1981-இல் இருவரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர். குற்றச்சாட்டு என்பது கயவனை மட்டுமன்று, கயவனைத் தடுக்கிறவனையும் தாக்கப் பயன்படும் என்பதற்கு இது சான்று. எனவேதான் குற்றச்சாட்டைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவரைக் குற்றவாளி என்று தூற்றுவது நமக்கு ஆகாது.

அம்புரோசோலியின் வீட்டுக்கு மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் வரலாயின. சிண்டோனாவுக்கு எதிராகப் பேசினால் உயிர் தப்பாது என்பதே அவற்றின் பொருள். அவற்றை அவர் ஒலிப்பதிவு செய்து அதிகாரிகளிடம் கொடுத்தார். ஆயினும் அவருக்கு அரசாங்கக் காவல் அளிக்கப்படவில்லை. 1979 ஜூலை மாதம் அமெரிக்க நீதித்துறையினருக்காக மிலான் நகரிலே சில நாட்கள் தொடர்ந்து சாட்சியம் அளித்தார். எழுதப்பட்ட சாட்சியத்திலே கையொப்பமிடுவது ஒன்றே எஞ்சியிருந்தது. ஜூலை 11-ஆம் நாள் இரவு நண்பர்களுடன் இருந்துவிட்டு வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது, ஒருவன் அணுகி, 'நீங்கள்தாம் வழக்கறிஞர் அம்புரோசோலியா?' என்று கேட்டான். ஆம் என்றதும், மன்னிக்கும்படிச் சொல்லிவிட்டுச் சுட்டான். அவன் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட கூலிக் கொலைஞன்.

அம்புரோசோலிக்கு அப்போது வயது 45. அவருடைய அடக்கத்துக்கு அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவரும் வரவில்லை. மத்திய வங்கியைச் சார்ந்தவர்கள் வந்து நின்றனர்.

பொய்யின் முடிவு

அடுத்த மாதமே, அதாவது 1979 ஆகஸ்டு 2-ஆம் நாள், சிண்டோனா நியூயார்க்கிலிருந்து காணாமற்போனார். இடதுசாரிக் குழுவொன்று அவரைக் கடத்திவிட்டதாகக் கடிதங்கள் வந்தன. அக்டோபரில் காலிலே குண்டுக் காயத்துடன் திரும்பி வந்தார். ஆனால் கடத்தலே பொய் என்பது பின்னர் வெளியாயிற்று. அவர் தாமே திட்டமிட்டுச் சிசிலிக்குச் சென்று தங்கியிருந்தார். காயமோ, அவர் விருப்பப்படி ஒரு மருத்துவர் மரத்துப்போக மருந்திட்டுச் சுட்டது!

1980-இல் அமெரிக்க நீதிமன்றத்திலே ஃபிராங்க்ளின் வங்கி வழக்கு நடைபெற்றபோது, அவருக்கு நற்சான்று கூற வத்திக்கானின் உயர் அதிகாரிகள் சிலர் முன்வந்திருந்தனர். இறுதி நேரத்தில் வத்திக்கான் செயலர் கர்தினால் கசரோலி அதைத் தடுத்துவிட்டார். இச்செயலுக்காகக் கர்தினாலை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். நீதிமன்றம் சிண்டோனாவுக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1984-இல் இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். 1986 மார்ச் 18-ஆம் நாள், அம்புரோசோலியைக் கொல்ல ஏவியவர் இவரே என்று மிலான் நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. இரண்டு நாட்களுக்குப் பின் வொகேரா சிறையிலே காலைக் காப்பியைக் குடித்தவர் மயங்கி விழுந்தார். அதில் சயனைடு நஞ்சு இருந்தது. 22-ஆம் நாள் இறந்தார். அது தற்கொலையே என்று விசாரணை முடிவு செய்தது. நாம் அவருடைய ஆன்மாவை இறைவனின் இரக்கத்துக்கு ஒப்படைப்போம். தீர்ப்பிட நாம் யார்?

மீண்டும் அதே வாயில்

ஒரு முறை சுட்ட நெருப்பிலே மறுபடியும் கை வைக்கலாமா? ஆனால் அதுவே நிகழ்ந்தது. சிண்டோனா வீழ்வதற்கு முன்பே, வத்திக்கான் வங்கியின் தலைவரான பேராயர் பவுல் மார்சிங்குசுக்கு ரொபேர்த்தோ கால்வி என்னும் மற்றொரு மிலான் வங்கியாளரை அவர் அறிமுகம் செய்து வைத்திருந்தார். கால்வி தலைமை வகித்தது அம்புரோசியானோ வங்கி. அவ்வூர்ப் பேராயராக விளங்கிய புனித அம்புரோசின் பெயரால், கத்தோலிக்க மக்களின் சேமிப்புக்காக 1896-இல் தொடங்கப்பட்ட வங்கி அது. அதைத் தொடங்கிய ஜுசெப்பே தொவினியைத் திருச்சபை 1998-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியுள்ளது.

அத்தகைய தூய தொடக்கம் கொண்ட வங்கியையே கால்வி தம் மறைமுக வணிகத்துக்குக் கருவியாக்கினார். 1981-இல் பணத்தைச் சட்டவிரோதமாக வெளிநாட்டுக்கு அனுப்பியதற்காகத் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டுக் காலத்திலே மீண்டும் வந்து வங்கித் தலைவர் நாற்காலியிலேயே அமர்ந்தார்! அவ்வாண்டு செப்டம்பரில், அவருடைய வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆதரவாக வத்திக்கான் வங்கி கடிதங்களும் வழங்கியது. 1982 ஜூன் 18-ஆம் நாள் இலண்டன் நகரிலே ஒரு பாலத்தின்கீழ்க் கால்வியின் உடல் தொங்கக் காணப்பட்டது. அவ்வங்கியிலே 130 கோடி டாலருக்கு மேல் ஓட்டை விழுந்திருந்தது. கால்வி கொலையுண்டார் என்று பிற்கால ஆய்வு கூறியது. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் 2007-இல் விடுதலையாயினர்.

வத்திக்கான் சட்டப்படி தனக்குக் கடன் இல்லை என்று கூறியபோதிலும், 1984 மே மாதத்திலே, ஒழுக்கப் பொறுப்பை உணர்ந்து, ஏறத்தாழ 24 கோடி டாலரைக் கடன் கொடுத்தோருக்கு வழங்கியது. இதற்குப் பின்னும் சீர்திருத்தம் மெதுவாகவே வந்தது. 2010 டிசம்பர் 30-ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கள்ளப் பணத்துக்கு எதிரான சட்டத்தையும் கண்காணிப்பு அமைப்பையும் ஏற்படுத்தினார். திருத்தந்தை பிரான்சிசின் காலத்திலே, 2013 அக்டோபரில், வத்திக்கான் வங்கி தன் ஆண்டுக் கணக்கை முதன்முறையாக உலகறிய வெளியிட்டது. நிறுவப்பட்டு 71 ஆண்டுகளுக்குப் பின்! அம்புரோசோலி மிலான் நகரின் ஓர் அறையிலிருந்து செய்ததும் இதுவன்றி வேறென்ன? ஏட்டை எல்லார் கண்ணிலும் படும்படித் திறந்து வைத்ததுதானே?

நமக்கு உரியது

வத்திக்கானையும் மிலானையும் பற்றிப் பேசி முடித்துவிட்டால் போதுமா? அன்பர்களே, நம் ஊரைப் பார்ப்போம். நம் பங்கிலே சீட்டு நடத்துபவர் ஒருவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர், திருவிழாவுக்குத் தேர் அலங்காரம் செய்பவர் என்பதற்காகவே, இரசீதும் கேளாமல் மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தைக் கொடுத்துவிடும் தாய்மார்கள் எத்தனை பேர்! கோவிலுக்கு மணியும் பீடமும் வாங்கிக் கொடுத்த செல்வரின் பெயரைக் கல்லிலே வெட்டுகிறோம். அவருடைய ஆலையிலே வேலை செய்பவர்க்கு உரிய கூலி போய்ச் சேர்ந்ததா என்று நாம் விசாரிப்பதுண்டா? திருவிழா முடிந்தபின் வரவு செலவைப் பங்குப் பேரவையில் வாசிக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டால், 'சாமியாரையே சந்தேகப்படுகிறாயா?' என்று மூத்தவர்கள் அவரை அமரச் செய்கின்றனர். நாம் பங்குத் தந்தை என்ற முறையிலே சொல்லுகின்றோம்: அந்த இளைஞரை அமரச் செய்யாதீர்கள். அவர் கேட்பது சந்தேகமன்று. பங்கின்மீதுள்ள அன்பு.

புனித அம்புரோஸ் நான்காம் நூற்றாண்டிலே, போரில் சிறைப்பட்டவர்களை மீட்பதற்காகக் கோவிலின் பொற்பாத்திரங்களை உருக்கி விற்றார். எதிரிகள் அதைக் குற்றமாகச் சாட்டினர். 'ஆயரிடமா கணக்குக் கேட்பது?' என்று அவர் சினக்கவில்லை. பொன் எங்கே போயிற்று, எதற்காகப் போயிற்று என்று மக்கள் முன்னிலையிலே விளக்கினார். கணக்குச் சொல்ல அஞ்சாதவரிடமே கணக்குக் கேட்பவர்க்கும் அச்சமில்லை.

2010-ஆம் ஆண்டிலே, முதுமையடைந்திருந்த ஆந்திரயோத்தி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அம்புரோசோலி தமக்கு நேர்ந்ததைத் தாமே தேடிக்கொண்டவர் என்ற பொருள்படப் பேசினார். நாடெங்கும் கண்டனம் எழவே, தம் கருத்து அதுவன்று என்று விளக்கினார். ஆனால் அச்சொல் நம் காதுக்குப் புதியதன்று. நேர்மையாயிருந்து இடமாற்றம் பெற்ற அரசு அலுவலரைப் பற்றியும், முதலாளியின் பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுத்து வேலையிழந்த கணக்கரைப் பற்றியும் நம் வீட்டுத் திண்ணைகளிலே பேசப்படுவது இதுதான்: 'இவருக்கு எதற்கு இந்த வம்பு?' அப்படிப்பட்டவர் ஒருவர் நம் குடும்பத்திலே இருப்பாரானால், உணவு வேளையிலே பிள்ளைகள் கேட்க அவரைக் குறை கூறாதிருப்போம். அவர் மனைவி, 'பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீர்களா?' என்று கலங்குவது இயல்பே. அம்புரோசோலியும் பிள்ளைகளை நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினார்.

ஆகவே, செல்வர் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தால், நாம் செய்யத்தக்கவை மூன்று. விசாரணை முடியுமுன் அவரைத் தூற்றாதிருத்தல். நம்மவர் என்பதற்காக விசாரணையைத் தடுக்காதிருத்தல். கணக்கைப் பார்க்கிறவரைத் தனியே விட்டுவிடாதிருத்தல். இவற்றுள் மூன்றாவதே கடினமானது. 1979-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மிலானிலே குறைவுபட்டதும் அதுவே. நம் பங்கிலே அது குறைவுபடாதிருக்க இறைவன் அருள்வாராக!